கேட்கத் தெரிய வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் மாணவியரின் விவரப் படிவங்களை நிரப்பிக் கொண்டிருந்தேன். "தாயின் தொழில்" என்ற இடம் வந்ததும் ஒரு மாணவி, "ஒண்ணுமில்லை டீச்சர். அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றாள். நானும் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிட்டேன்.

மறுநாள் அவள் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். காரணம் கேட்டேன். "பௌர்ணமி டீச்சர். அம்மா கட்டின பூவை ஆசிரமத்துக்கிட்ட கடையில கொடுத்துட்டு வர நேரமாயிடுச்சு" என்றாள். பிறகு சற்றுப் பொறுமையாக விசாரித்தேன். அந்தத் தாய் காலை நான்கு மணிக்கு எழுகிறார். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, மாட்டைக் கறந்து, சமையலை முடிக்கிறார். பிறகு இரவு வரை மல்லிகை கட்டி முழக் கணக்கில் கூலி வாங்குகிறார். இவரைத்தான் "சும்மா இருக்கிறார்" என்று எழுதச் சொன்னாள் மகள். நானும் அவ்வாறே எழுதினேன்.

அந்த மாணவி பொய் சொல்லவில்லை. குறை கேட்ட முறையில்தான் இருந்தது. சமூக ஆய்வு என்னும் கலையின் முதற் பாடத்தை நான் அன்றுதான் உண்மையாகக் கற்றேன். அந்தக் கலையைப் பற்றி நம் மாணவியருக்கு எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவாய்வு என்றால் என்ன?

"சர்வே" என்றதும் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவரே நம் நினைவுக்கு வருவார். சமூக அளவாய்வும் ஒருவகை அளத்தல்தான். நிலத்துக்குப் பதிலாக மக்களின் வாழ்க்கை நிலை இங்கே அளக்கப்படுகிறது. எத்தனை வீடுகளில் குடிநீர்க் குழாய் இருக்கிறது? எத்தனை சிறுமியர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டனர்? ஒரு குடும்பம் கடனுக்கு யாரிடம் செல்கிறது? இத்தகைய வினாக்களுக்கு ஊகத்தால் விடை கூறாமல், பலரிடமும் ஒரே வினாவை ஒரே முறையில் கேட்டு, விடைகளை எண்ணிப் பார்த்து உண்மையை அறிவதே அளவாய்வு.

இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியப் பொருளாதாரத்தை நூல்களை மட்டும் கொண்டு கற்பிப்பது பயனற்றது என்பது அவருடைய எண்ணம். ஆகவே தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குச் சென்று விவரம் சேகரித்து வரச் செய்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மக்கள் என்ன உண்கிறார்கள் என்றெல்லாம் அம்மாணவர்கள் கேட்டறிந்து எழுதினர். 1918இல் அவை "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. அக்கிராமங்களுள் ஒன்று தூசி. அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வெம்பாக்கம் வட்டத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகே, மாமண்டூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டும் அந்நூலில் இடம் பெற்றது.

விவரம் தெளிவாக எழுதி வைக்கப்பட்டதால் பின்வந்தவர்கள் அதே ஊர்களுக்குச் சென்று மறு ஆய்வு செய்ய முடிந்தது. 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் சென்றனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் சென்றனர். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலத்தில் ஒரு தமிழ்க் கிராமம் எப்படி மாறியது என்பதை இன்று நாம் அறிய முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை 1916இல் மாணவர்கள் நிரப்பிய தாள்களே.

முதலில் எதை அறிய வேண்டும்?

நாமும் ஓர் அளவாய்வு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இடம் ரமணாசிரமம் பகுதி. "இங்குள்ள பெண் குழந்தைகளின் நிலை என்ன?" என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டால் எதுவும் கிடைக்காது, அது அவ்வளவு பெரிய வினா. அதைச் சுருக்க வேண்டும். "ரமணாசிரமம் பகுதியில் வசிக்கும் 10 முதல் 16 வயது வரையுள்ள சிறுமியருக்குப் பள்ளி விட்டு வந்தபின் படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது?" என்று கேட்டால், அளக்கக்கூடிய வினா ஆகிவிடும். எந்தப் பகுதி, எந்த வயது, எந்த நேரம் என்பவை இப்போது தெளிவாகிவிட்டன. "படித்தல்" என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பது படித்தலா, பிள்ளை வளர்த்தலா? இதை ஆய்வாளர் அனைவரும் ஒரே விதமாக எழுதாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

யாரைக் கேட்பது?

எல்லா வீடுகளுக்கும் செல்ல முடிந்தால் அது முழுக் கணக்கெடுப்பு. பெரும்பாலும் நேரமும் ஆளும் போதா. எனவே சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். இதற்கு "மாதிரி" என்று பெயர். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் சமைக்கத் தெரிந்தவர் பானையைக் கிளறிவிட்டுத்தான் பதம் பார்ப்பார். கிளறாமல் மேலே இருக்கும் சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், அடியில் இருப்பது வெந்ததா, குழைந்ததா என்று தெரியாது.

அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. "லிட்டரரி டைஜஸ்ட்" என்னும் வார இதழ் அதிபர் தேர்தலில் வெல்லப் போகிறவர் யார் என்றறிய ஏறத்தாழ 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. நடந்ததோ வேறு. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். ஏன் இந்தத் தவறு? முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டி வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்த வறுமைக் காலத்தில் அவை இல்லாதவர்கள் நாட்டில் பலர் இருந்தனர். அட்டை கிடைத்தவர்களிலும் ஆர்வம் மிகுந்தவர்களே பதில் எழுதினர். பானை கிளறப்படவில்லை! அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் இதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையினரைக் கேட்டு, வெற்றி பெறுபவரைச் சரியாகக் கணித்தார்.

பானையைக் கிளறும் வழி எது? நம் முன்னோர் அறிந்த குலுக்கல் முறைதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை விளக்கப்பட்டிருக்கிறது. தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவர்கள் செய்தது உறுப்பினர் தேர்வு. நாம் செய்வது மாதிரித் தேர்வு. ஆனால் அடிப்படை ஒன்றே: எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதலில் அந்தப் பகுதியின் எல்லா வீடுகளையும் தெரு வாரியாகப் பட்டியலிட வேண்டும். சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு, பின்கட்டில் குடியிருப்பவர், மாடி அறை எதுவும் விடுபடக் கூடாது. 600 வீடுகள் இருந்து 60 போதும் என்றால், பத்துக்கு ஒன்று. 1 முதல் 10 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 14, 24, 34 என்று பட்டியலில் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

ஒரு வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம் என்று மனம் சொல்லும். அது கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு, பெரும்பாலும் தாயும் வேலைக்குச் செல்லும் வீடு. அந்த வீட்டுச் சிறுமிதான் மாலையில் சமைக்கிறவளாக இருக்கலாம். அவளை விட்டுவிட்டால் நாம் தேடி வந்த விடையையே விட்டுவிட்டவர்கள் ஆவோம். மாலையில் ஒரு முறை, ஞாயிறன்று ஒரு முறை என மறுபடியும் சென்று பார்க்க வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று பலர் வினவுவர். பெரிய ஊரில் குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்டால், கிடைக்கும் விழுக்காடு உண்மையிலிருந்து 10 வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேரைக் கேட்டால் அது 5 ஆகக் குறையும். அதாவது பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும். ஆனால் தேர்வு முறையே தவறாக இருந்தால் 20 லட்சம் பேரைக் கேட்டும் பயனில்லை என்பதை மேலே கண்டோம்.

எங்கே, எப்போது கேட்பது?

1973–74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தின. நம் ஊரும் அப்போது அம்மாவட்டத்தில்தான் இருந்தது. 1989இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. புதிய நெல் வகைகள் உழவரிடம் எவ்வளவு பரவியுள்ளன என்பதே வினா. கிராமங்களை வாய்ப்பு முறையில் தேர்ந்து, வீடு வீடாகக் கேட்டபோது, அலுவலகப் புள்ளிவிவரம் காட்டிய அளவுக்குப் புதிய நெல் பரவவில்லை என்று தெரிந்தது. பி. எச். பார்மர் பதிப்பித்த நூலாக 1977இல் இம்முடிவுகள் வெளியாயின.

அந்த ஆய்வில் பங்கு கொண்டவர்களுள் ராபர்ட் சேம்பர்ஸ் ஒருவர். 1983இல் அவர் எழுதிய நூலில், வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர்களின் கண்ணுக்கு ஏழ்மை ஏன் படுவதில்லை என்று விளக்குகிறார். அவர்கள் தார்ச்சாலை செல்லும் இடத்துக்கு மட்டும் செல்கிறார்கள். மழையும் சேறும் நோயும் இல்லாத மாதங்களில் செல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களையும் ஆண்களையும் மட்டும் சந்தித்துத் திரும்புகிறார்கள் என்பது அவர் கருத்து.

இதை நம் பகுதியில் பொருத்திப் பாருங்கள். செங்கம் சாலையில் ஆசிரம வாயிலுக்கு எதிரே நின்று வருவோர் போவோரைக் கேட்டால், வெளியூர் அடியார், வெளிநாட்டவர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் பதிலே கிடைக்கும். சந்துகளில் பல்லாண்டுகளாகக் குடியிருப்போரின் பதில் அங்கே கிடைக்காது. பௌர்ணமி அன்று கேட்டால், 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். அன்று பூக்கட்டும் வீட்டுச் சிறுமி புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டாள். கார்த்திகைத் தீபத்தின்போது உள்ள நிலை வேறு, வெயில் கொளுத்தும் வைகாசியில் உள்ள நிலை வேறு. எனவே சாதாரண நாள், பௌர்ணமி நாள் இரண்டையும் தனித்தனியே கேட்டு, எந்த நாள் கேட்டது என்பதையும் தாளில் குறிக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

வினா அமைப்பதில் கவனிக்க வேண்டியவை சில:

1. ஒரு வினாவில் ஒரு செய்தியே இருக்க வேண்டும். "தண்ணீரும் கழிப்பறையும் வசதியாக இருக்கின்றனவா?" என்று கேட்டால், ஒன்று இருந்து ஒன்று இல்லாதவர் என்ன சொல்வார்?

2. விடையை நாமே ஊட்டக் கூடாது. "பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் அல்லவா?" என்றால் "ஆமாம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "உங்கள் பெண்ணை எந்த வகுப்பு வரை படிக்க வைக்க எண்ணியிருக்கிறீர்கள்? பையனை?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

3. "அடிக்கடி", "போதுமான" போன்ற சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். "போதுமான தண்ணீர் வருகிறதா?" என்பதைவிட "நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள்?" என்பது மேல்.

4. நெடுநாள் நினைவைக் கேட்காதீர்கள். போன ஆண்டுச் செலவு யாருக்கும் நினைவிராது. நேற்றைய செலவு நினைவிருக்கும்.

5. எளிய வினா முதலில், கடன், வருமானம் போன்ற கூச்சம் தரும் வினா இறுதியில்.

இனி, கோடு இழுத்த அந்தப் படிவத்துக்கே திரும்பி வருவோம். "என்ன தொழில்?" என்று கேட்டால் "சும்மா" என்ற விடை வருகிறது. வேறு எப்படிக் கேட்பது? 1998–99இல் மத்திய அரசு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் நேரப் பயன்பாட்டு அளவாய்வு நடத்தியது. அதில் தொழிலின் பெயரோடு நிற்காமல், ஒரு நாளின் 24 மணி நேரத்தில் எப்போது என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார்கள். உற்பத்தியாகக் கணக்கிடப்படும் வேலையில் ஆண்கள் வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரமும், பெண்கள் சுமார் 19 மணி நேரமும் செலவிட்டதாகத் தெரிந்தது. ஆனால் சமையல், துப்புரவு, குழந்தை வளர்ப்பு, நோயாளிகளைப் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பெண்கள் வாரத்தில் 34 மணிக்கு மேலும், ஆண்கள் 4 மணிக்குக் குறைவாகவும் செலவிட்டனர். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: யார் "சும்மா இருந்தார்" என்பது விளங்கும்! 2019இல் நாடு முழுவதும் நடந்த இத்தகைய ஆய்வில், காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை அரைமணிக் கூறுகளாகக் கேட்டனர். 6 வயதுக் குழந்தை முதல் அனைவரும் கணக்கில் சேர்க்கப்பட்டனர்.

நம் ஆய்விலும் இம்முறையைப் பின்பற்றலாம். "எவ்வளவு நேரம் படித்தாய்?" என்று கேட்டால் ஆசிரியருக்குப் பயந்து "இரண்டு மணி நேரம்" என்பாள் சிறுமி. "நேற்று பள்ளி விட்டதும் எங்கே போனாய்? பிறகு? அதற்குப் பிறகு?" என்று அரைமணி அரைமணியாகக் கேட்டால், தண்ணீர்க் குடமும் பூக்கூடையும் தம்பியும் தாமாகவே தாளில் இடம் பெற்றுவிடும்.

கேட்கும் முறையில் பணிவும் வேண்டும். ஆயா, அம்மா, அக்கா, அண்ணா என்று வயதுக்கேற்ப அழைத்துப் பேச வேண்டும். பிள்ளையைப் பற்றிய வினாவைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். அருகில் நிற்கும் பெரியவர் பதில் சொன்னால், யார் சொன்ன பதில் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்லேட்டரின் மாணவர்களைப் போலச் சொந்த ஊரில் கேட்பதில் ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு. எல்லோரும் நம்மை அறிவார்கள் என்பது வசதி. கூலிக்காரர், தம் முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் கூலி குறைவு என்று சொல்வாரா என்பது தடை.

வெள்ளோட்டம்

தேர் ஓடுவதற்கு முன் வெள்ளோட்டம் விடுவது போல், வினாப்பட்டியலுக்கும் வெள்ளோட்டம் வேண்டும். இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931இல் நிறுவிய பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை மதிப்பிடும் பெரிய ஆய்வுக்கு முன் சிறிய முன்னோட்ட ஆய்வுகளை நடத்திக் குறைகளைத் திருத்திக்கொண்டார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி அளவாய்வுக்கும் அவரே வழிகாட்டி. நாம் ஐந்து வீடுகளில் கேட்டுப் பார்த்தாலே எந்த வினா புரியவில்லை, எது மனத்தைப் புண்படுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கையும் காரணமும்

தாள்கள் சேர்ந்தபின் எண்ண வேண்டும். எண்ணியபின் அவசரப்படக் கூடாது. டியூஷன் செல்லும் சிறுமியர் அதிக மதிப்பெண் பெறுவதாகத் தெரிந்தால், டியூஷனே காரணம் என்று முடிவு கட்டலாமா? டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டில் தனி அறையும், குழாயும், வேலைக்கு ஆளும் இருக்கலாம். உண்மைக் காரணம் அந்த ஓய்வு நேரமாகவும் இருக்கலாம். இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

"எத்தனை?" என்பதற்கு அளவாய்வு விடை தரும். "ஏன்?" என்பதற்கு வேறு வழிகளும் தேவை. மானிடவியல் அறிஞர்கள் ஓர் ஊரிலேயே மாதக்கணக்கில் தங்கி, மக்களோடு பழகிப் பார்க்கிறார்கள். காத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் அவ்வாறு தங்கி ஆராய்ந்தார். நாமும் 60 வீடுகளில் வினாப்பட்டியலோடு கேட்ட பின், மூன்று நான்கு வீடுகளில் ஒரு மாலை முழுதும் அமர்ந்து பார்த்தால் எண்களின் பொருள் விளங்கும்.

நம்பிக்கையைக் காத்தல்

ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து விவரம் சொல்வது நம்மை நம்பித்தான். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. விடைத்தாளில் பெயர் எழுதாமல் எண் மட்டும் இட வேண்டும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் தரும் விவரத்தை இரகசியமாகக் காக்க 1948ஆம் ஆண்டுச் சட்டமே வகை செய்கிறது. நமக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் மனச்சாட்சி உண்டு. கேட்டதை அடுத்த வீட்டில் சொன்னால் ஆய்வு வம்பாகிவிடும். "உங்களுக்குக் குழாய் வந்துவிடும்" என்று பொய் நம்பிக்கை தருவதும் தவறு. ஆனால் முடிவுகளை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வது நம் கடமை.

மாணவியரே! இந்த ஆய்வுக்குப் பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும், நடக்கக் கால்களும், பொறுமையாகக் கேட்கக் காதுகளும் போதும். அடுத்த கோடை விடுமுறையில் உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். தூசியில் அன்று எழுதியவர்களும் மாணவர்கள்தாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் நோட்டோடு வந்து, "அம்மா, நேத்து காலைல நாலு மணியிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு அரைமணியாக நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்ளட்டும். நானும் அந்தப் பழைய படிவத்தை எடுத்து, கோட்டின் மேல் "பூக்கட்டுதல், கறவை மாடு வளர்த்தல், இல்லப் பணி" என்று திருத்தி எழுதிவிட்டேன்.